எட்டயபுரம் தாண்டுமுன் காற்று கையில் இருக்கட்டும்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. விமானம் ஓட்டப் பயிற்சி எடுத்து வருகிறேன். ஆடி மாதம் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு செஸ்னா 172-இல் தனியாகப் போக வேண்டியிருக்கிறது. ரேடியோவில் வானிலைச் செய்தி ஓடும் வேகத்தில் பாதிதான் காதில் விழுகிறது. எப்போது கேட்பது, எதை எழுதிக்கொள்வது? பதிவுச் செய்தி இல்லாத நிலையம் என்றால் யாரிடம் கேட்பது?

பதில்: தம்பி, எல்லாவற்றையும் எழுதிவிட நினைப்பதால்தான் பாதி நழுவுகிறது. ஏடிஸ் என்னும் அந்தப் பதிவுச் செய்தியின் வரிசை எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நிலையத்தின் பெயர், செய்தியின் அடையாள எழுத்து, நேரம், ஓடுபாதை, காற்று, பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, கடைசியாகக் கியூஎன்ஹெச், அதாவது உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண். தரையில் இருக்கும்போதே தொடைமேல் கட்டும் அட்டையில் இந்த வரிசைப்படி கட்டம் போட்டு வையுங்கள். வானத்தில் எண்ணை மட்டும் நிரப்பினால் போதும். பென்சிலை நூல் கட்டி அட்டையோடு முடிந்துவிடுங்கள். அது இருக்கைக்கு அடியில் உருண்டால், குனிந்து தேடுகிற நேரத்தில் இறக்கை சாய்ந்துவிடும்.

செய்தி ஒரு சுற்று ஓட அரை நிமிடம்போல ஆகும், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். முதல் சுற்றில் அடையாள எழுத்து, ஓடுபாதை, காற்று. அடுத்த சுற்றில் மேகமும் கியூஎன்ஹெச்சும். மூன்றாவது சுற்றில் எழுதியதைச் சரிபாருங்கள்.

எப்போது கேட்பது என்பதற்கு உங்கள் வழியே விடை சொல்லும். மதுரையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் ஏறக்குறைய நேர் தெற்கே 67 கடல் மைல். விமான ரேடியோவின் விஎச்எஃப் அலை நேர்கோட்டில்தான் போகும். 3000 அடியில் பறந்தால் கணக்குப்படி 65 கடல் மைல் தாண்டியும் எட்ட வேண்டும், நடைமுறையில் குறையும். அருப்புக்கோட்டை மேலே வரும்போது முதல் முயற்சி செய்யுங்கள். கரகரவென்று கேட்டால் இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சைத் திறந்து பாருங்கள், மங்கலான குரலும் கொஞ்சம் பிடிபடும். எட்டயபுரம் தாண்டுமுன் எல்லாம் எழுதி முடிந்திருக்க வேண்டும். அங்கிருந்து வாகைக்குளம் 25 கடல் மைல்தான், 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் 15 நிமிடம். அதற்குள் இறங்கும் வேலை தொடங்கிவிடும். பின்னாளில் திருவனந்தபுரம் பக்கமிருந்து வந்தால் இந்தக் கணக்கு செல்லாது. 1868 மீட்டர் உயர அகத்தியமலையும் அதன் சுற்றுமலைகளும் நடுவே நின்று அலையை மறைத்துவிடும்.

இரண்டு ரேடியோ இருந்தால் இரண்டாவதில் ஏடிஸை வைத்துக் கேளுங்கள், முதலாவது கட்டுப்பாட்டாளரோடு இருக்கட்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், இரண்டு நிமிடம் அலைவரிசையை விட்டுப் போகிறேன் என்று அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் சொல்லுங்கள். சொல்லாமல் போனால் அந்த இரண்டு நிமிடமும் உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பதறுவார்கள்.

இனி காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் ஊர்ப் பக்கம் வெறும் பழமொழி இல்லை. கணவாய்கள் வழியே புகுந்து வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். தூத்துக்குடி ஓடுபாதை 10/28, அதாவது ஒரு பக்கம் 100 பாகையை நோக்கியும் மறுபக்கம் 280 பாகையை நோக்கியும் இறங்கலாம். 'காற்று 240 பாகையிலிருந்து 20 நாட், வீச்சு 30' என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். வீச்சு என்பது இடையிடையே திடீரென்று எழும் வேகம். 28-இல் இறங்கினால் கோண வித்தியாசம் 40 பாகை. குறுக்குக் காற்று சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 20-க்கு 13 நாட் என்றால் சமாளிக்கலாம் என்று தோன்றும். 30-க்கு 20-ஐ ஒட்டி வந்துவிடுகிறதே! செஸ்னா 172-ஐச் சோதனையில் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்று 15 நாட்தான், மாணவருக்கு உங்கள் ஆசிரியர் வைத்திருக்கும் வரம்பு அதற்கும் கீழே. அதனால் கணக்கை எப்போதும் வீச்சை வைத்தே போடுங்கள். சராசரியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

காதில் விழுந்த காற்றைக் கண்ணாலும் சரிபாருங்கள். வழியில் தெரியும் காற்றாலைகள் எந்தத் திசைக்கு முகம் காட்டி நிற்கின்றன என்று கவனியுங்கள். காற்று வரும் பக்கம்தான் அவை திரும்பி நிற்கும். ஆனால் அது அந்த இடத்துக் காற்று. கடலுக்கு அருகே இருக்கிற வாகைக்குளத்தில் திசையும் வேகமும் வேறாக இருக்கலாம். பங்குனி, சித்திரை பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் ஓடுபாதையே 10-க்கு மாறக்கூடும்.

கியூஎன்ஹெச்சில் ஒரு சின்னப் பிழை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என்னோடு பறந்த மாணவர் ஒருவர் 1008-ஐ 1018 என்று எழுதி, உயரமானியின் சின்னச் சன்னலில் அதையே திருகி வைத்துவிட்டார். 10 ஹெக்டோபாஸ்கல் என்றால் சுமார் 280 அடி. முள் 1000 அடி காட்டியது, நாங்கள் இருந்ததோ 720-ஐ ஒட்டி. நம் பக்கத்துப் புதிய காற்றாலைகள் பல அந்த 280 அடியைவிட உயரம். ஆடியில் அழுத்தம் பெரும்பாலும் 1005-க்கும் 1010-க்கும் நடுவேதான் நிற்கும். 1018 என்று எழுதியிருந்தால் காதைச் சந்தேகப்படுங்கள். டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) கியூஎன்ஹெச் தரும்போது ஒவ்வோர் எண்ணாகத் திருப்பிச் சொல்வது கட்டாயம், அதை அவசரமாக முழுங்க வேண்டாம்.

நேரம் யூடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் வரும். 0530 என்றால் நமக்குக் காலை 11 மணி. சொல்லும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் புதிய செய்தி வந்ததா என்று கேளுங்கள். பார்வைத் தூரம் 5 கிலோமீட்டருக்குக் கீழே என்றாலோ, மேகக்கூரை 1500 அடிக்குக் கீழே என்றாலோ கண்ணால் பார்த்து ஓட்டும் உங்கள் விஎஃப்ஆர் பயணம் அங்கே முடிந்தது, மதுரைக்குத் திரும்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடிமேகத்தைக் குறிக்கும் சிபி என்ற இரண்டு எழுத்து காதில் விழுந்தாலே திரும்பலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய வட்டாரம் இது.

ஏடிஸ் உண்டா, அலைவரிசை எது என்பதை ஏஐபி என்னும் அதிகாரப்பூர்வ விமானத் தகவல் தொகுப்பில் அந்த நிலையத்துக்கான பக்கத்தில் பாருங்கள். டவர் எத்தனை மணி வரை என்பதை நோட்டாம் என்னும் விமானிகளுக்கான அறிவிப்பில் பாருங்கள். ஏடிஸ் இல்லையென்றால் டவரிடமே கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் அழைப்புப் பெயர், இருக்கும் இடம், உயரம் சொல்லி, 'ரிக்வெஸ்ட் லேட்டஸ்ட் வெதர்' என்றால் காற்று முதல் கியூஎன்ஹெச் வரை படித்துத் தருவார்கள். அதே கட்டத்தில் எழுதுங்கள். ஏடிஸ் கேட்டிருந்தால் முதல் அழைப்பிலேயே 'இன்ஃபர்மேஷன் பிராவோ' என்று அந்த எழுத்தைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் மறுபடி படிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், எட்டயபுரத்தில் எழுதிய காற்று இறங்கும்போது பழையதாகியிருக்கும். ஃபைனலில், அதாவது ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், திரும்பியதும் 'விண்ட் செக்' என்று இரண்டே சொல் கேளுங்கள். அந்த நொடியின் காற்றைச் சொல்வார்கள். வீச்சு உங்கள் வரம்பைத் தாண்டினால் த்ராட்டிலை முழுக்கத் தள்ளி மேலேறி இன்னொரு சுற்று வாருங்கள். அதற்கும் மதுரை திரும்புவதற்கும் பெட்ரோல் இருக்கிறதா என்பதைப் புறப்படுமுன்பே பார்த்திருக்க வேண்டும்.