குடத்தோடு சுற்றி வர இடம் விடுங்கள்
உங்கள் ஊர் எரிவாயு தகனமேடையில் சடங்குக் கூடம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பரப்பளவை விட, பாடையை மூன்று முறை சுற்றி வர வழி இருக்கிறதா என்று பாருங்கள். அப்பாவுக்குக் கொள்ளி வைத்த இடத்தில் மேடை சுவரை ஒட்டியிருந்தது. குடத்தோடு சுற்ற முடியாமல் நின்ற இடத்திலேயே போட்டு உடைத்தேன், இன்னும் உறுத்துகிறது.

குடத்தில் சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவார்கள், தண்ணீர் கொட்டும். வழுக்காத கல்லும் வடிகாலும் கட்டாயம். ஸ்டாக்ஹோமில் 1940-இல் திறந்த தகனக்கூடத்தில் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அஸ்ப்லண்ட் ஒவ்வொரு வழிபாட்டுக் கூடத்துக்கும் தனிக் காத்திருப்பு அறை வைத்தார். ஒரு வீட்டு அழுகைக்குள் அடுத்த வீட்டார் வந்து நிற்க வேண்டியதில்லை. இதை அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், குளிக்கக் குழாயை வாசல் பக்கமே வையுங்கள்.