கோலா உருண்டை எண்ணெயில் பிரிந்துபோனால்

கொத்துக்கறியையும் வெங்காயத்தையும் பச்சையாகவே சேர்த்து அரைத்தேன், எண்ணெயில் போட்டதும் உருண்டை பிரிந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஈரம்தான் காரணம். கறியைக் கழுவியதும் வடிகட்டியில் போட்டு நன்றாகப் பிழியுங்கள். அப்புறம் மஞ்சள், உப்பு சேர்த்துத் தண்ணீர் ஊற்றாமல் வதக்குங்கள். கறி தானாக விடும் தண்ணீர் முழுக்கச் சுண்டி, சட்டியில் சடசடவென்று சத்தம் வரும்வரை இறக்க வேண்டாம். சின்ன வெங்காயம், சோம்பு, இஞ்சி பூண்டு, மிளகாய், தேங்காயைத் தனியாக வதக்குங்கள். எல்லாம் ஆறிய பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் விட்டு விட்டு அரையுங்கள்.

அரை கிலோ கறிக்குப் பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி போதும். அதிகம் போட்டால் கறி ருசியே போய்விடும். உருட்டும்போது விரிசல் விட்டால் ஒரு முட்டையை அடித்து, பாதியை மட்டும் சேருங்கள்.

முதலில் ஒன்றை மட்டும் மிதமான சூட்டில் போட்டுப் பாருங்கள். மேலே நிறம் மாறும்வரை கரண்டி படவே கூடாது. பொரித்ததைக் குழம்பில் போடுவதென்றால் அடுப்பை அணைத்த பிறகு போடுங்கள், கரையாது.