வீட்டுக்கு மட்டும் சம்பளம் இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 39. ஏழு ஆண்டுகளாகச் சொந்தத் தொழில் நடத்துகிறேன். 14 பேர் வேலை செய்கிறார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பது மணிவரை வேலை. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் போய்விடுகிறது. முன்பெல்லாம் வாடிக்கையாளர் அழைத்தால் உற்சாகமாக இருக்கும். இப்போது கைப்பேசி ஒலித்தாலே எரிச்சல் வருகிறது. படுத்தாலும் தலைக்குள் கணக்குகள்தான் ஓடுகின்றன. பணப் பிரச்சினை என்று பெரிதாக இல்லை (வீட்டுச் செலவை மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்வதால், மூன்று ஆண்டுகளாக நான் நிறுவனத்திலிருந்து எதுவும் எடுத்துக்கொள்வதில்லை). பணியாளர்களுக்கு ஒரு மாதம்கூடச் சம்பளம் தள்ளிப்போனதில்லை. தியானம், அதிகாலையில் எழுவது, நேரத்தைத் திட்டமிடுவது எல்லாம் செய்து பார்த்தேன். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை. முழுதாக முடங்கிப்போவதற்குள் நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்ட கேள்வியைவிட அடைப்புக்குறிக்குள் போட்டு மறைத்த வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று ஆண்டுகளாக வீட்டுக்கு ஒரு காசு தரவில்லை என்பதை, பணப் பிரச்சினை இல்லை என்பதற்குச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே பணியாளர்களின் சம்பளம் தள்ளிப்போனதில்லை என்ற பெருமை. மாதம் பிறந்தால் 14 வீடுகளுக்குச் சம்பளம் போகிறது. உங்கள் வீட்டுக்கு மட்டும் இல்லை. பணப் பிரச்சினை இருக்கிறது தம்பி. அதை உங்கள் மேசையிலிருந்து எடுத்து மனைவியின் மேசையில் வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

மனைவி சம்பாதித்துக் குடும்பத்தை நடத்துவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. எத்தனையோ வீடுகள் அப்படி நடக்கின்றன, நன்றாகவே நடக்கின்றன. ஆனால் அது இருவரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. பேசியதாக உங்கள் கடிதத்தில் ஒரு சுவடும் இல்லை. மனைவியின் சம்பளம் பார்த்துக்கொள்கிறதாம்! சம்பளம் தானாக எழுந்து வேலைக்குப் போய்விட்டு வருகிறதா? ஒரு மனுஷி போய் வருகிறார். மேலதிகாரி எவ்வளவு மோசமாக நடத்தினாலும் அவரால் அந்த வேலையை விட முடியாது. வேறு வேலை தேடும்வரை இரண்டு மாதம் வீட்டில் இருக்க முடியாது. உடம்பு முடியாவிட்டால் நீண்ட விடுப்பு எடுக்கவும் யோசிப்பார். உங்கள் நிறுவனத்தில் மூன்று ஆண்டுகளாகப் பணம் போட்டுவருபவர் அவர். பங்கும் இல்லை, கணக்கைப் பார்க்கும் உரிமையும் இல்லை. அதே பணத்தை வங்கியில் வாங்கியிருந்தால் கேட்ட தாளையெல்லாம் நீட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

முடங்கிப்போவதற்குள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். அந்த வீட்டில் முதலில் முடங்கப்போவது நீங்கள்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அது குடும்ப நியாயம், என் சோர்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் நினைக்கலாம். இருக்கிறது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் உங்கள் உழைப்பின் விலை பூஜ்யம். ஒரு பணியாளரைக் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருக்கச் சொல்வதென்றால், தர வேண்டிய பணத்தை நினைத்து யோசிக்கிறீர்கள். உங்களையே இருக்கச் சொல்வதற்குச் செலவில்லை. எனவே யோசிப்பதும் இல்லை. பில் சரிபார்ப்பது, சரக்கு போய்ச் சேர்ந்ததா என்று விசாரிப்பது, நிலுவை வைத்திருப்பவரைத் துரத்துவது எல்லாம் இப்படித்தான் உங்கள் தலையில் வந்து விழுகின்றன. ஆள் வைக்கலாமா என்று எப்போது கணக்குப் போட்டாலும் நீங்களே செய்வதுதான் மலிவாகத் தெரியும்.

வாடிக்கையாளர்கள் விஷயத்திலும் இதே கதைதான். விலையை அடித்துப் பேசி, முடித்துக் கொடுத்த வேலையை மறுபடி மாற்றச் சொல்லி, பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் ஒருவராவது உங்களிடம் இருப்பார். அவரால் லாபம் என்றுதான் உங்கள் புத்தகம் சொல்லும். அவருக்காக நீங்கள் கண்விழித்த இரவுகளுக்கும் ஒரு கூலியைச் சேர்த்து எழுதுங்கள். அவர் நஷ்டக் கணக்கில் வந்து நிற்பார். கைப்பேசி ஒலித்தால் வரும் எரிச்சல் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களின் பெயரைப் பார்த்துத்தான் வருகிறதா என்று கவனியுங்கள். தியானம் அந்த எரிச்சலை அடக்கத்தான் பார்க்கும். அந்த ஆளுக்கு விலையை ஏற்றிச் சொல்லாது.

1974இல் இந்தத் தொழில்சார் சோர்வைப் பற்றிக் கட்டுரை எழுதி அதைப் பேசுபொருளாக்கியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். அவர் யாரைப் பார்த்து எழுதினார் தெரியுமா? நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் வேலை செய்தவர்களை. அவர்களில் பலர் தன்னார்வலர்கள். அவரும் பகலில் தன் சொந்த ஆலோசனைப் பணியைப் பார்த்துவிட்டு அங்கே போய் உழைத்துக் களைத்தவர்தான். அர்ப்பணிப்பு மிகுந்தவர்களே இதற்கு எளிதில் ஆளாகிறார்கள் என்பது அவர் கண்டது. நீங்கள் உங்கள் சொந்த நிறுவனத்தின் தன்னார்வலர், தம்பி. முதலாளி என்ற பெயர்ப்பலகை அதை மறைக்கிறது.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தச் சோர்வுக்கு மூன்று கூறுகளைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீதே வெறுப்பும் விலகலும் வருவது, செயல்திறன் குறைவது. இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றது. எனவே வேலையைத்தான் முதலில் திருத்த வேண்டும். நீங்களோ நிறுவனத்தை அப்படியே வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுந்து பார்க்கிறீர்கள். தூங்க நேரமில்லாதவர் இன்னும் சீக்கிரம் எழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லும் கணக்குப்படி வாரத்துக்குக் கிட்டத்தட்ட 90 மணி நேரம் உழைக்கிறீர்கள். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. சரி, உடம்பைப் பற்றிச் சொன்னால் உங்களைப் போன்றவர்கள் காதில் வாங்க மாட்டீர்கள். விளைச்சலைப் பற்றிச் சொல்கிறேன். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரிட்டன் வெடிமருந்துத் தொழிலாளர்களின் பதிவுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரம் 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்த உற்பத்தி, 56 மணி நேர உற்பத்தியிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. உங்கள் வேலை வேறு வகை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இரவு எட்டரை மணிக்கு நீங்கள் எடுத்த முடிவுகளில் எத்தனையை மறுநாள் காலையில் மாற்றினீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் இடத்தில் இன்னொருவரை வைத்து நிறுவனத்தை நடத்தினால் அவருக்கு என்ன தருவீர்கள்? அதுதான் உங்கள் சம்பளம். அடுத்த மாதத்திலிருந்து அதைச் செலவாகக் கணக்கில் எழுதுங்கள். 14 பேருக்குப் போகும் அதே நாளில், பதினைந்தாவது ஆளாக, வீட்டுக் கணக்கில் அது சேர வேண்டும். முழுத் தொகைக்கு வழியில்லை என்றால் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை நிறுவனம் தர வேண்டிய பாக்கியாக எழுதுங்கள். எழுதாமல் விடக் கூடாது. அதற்குக்கூட நிறுவனம் தாங்காது என்றால், மூன்று ஆண்டுகளாக நீங்கள் லாபம் என்று நம்பிய எண் பொய். விலை குறைவா, ஆட்கள் அதிகமா, தொழிலே சரியில்லையா என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. உங்கள் மணிநேரத்துக்கு ஒரு விலை வந்துவிட்டால், எந்த வேலைக்கு ஆள் வைப்பது, எந்த வாடிக்கையாளரை அனுப்பிவிடுவது என்பதை அந்தப் புத்தகமே காட்டிக்கொடுக்கும்.

தூக்கம் தொடர்ந்து கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். இதற்கெல்லாம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் சம்பளத்துக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் உங்கள் மனைவி வீட்டுக்குச் செலவழித்த தொகையை முழுதாகக் கூட்டுங்கள். அந்தத் தாளையும் நிறுவனத்தின் உண்மையான கணக்கையும் அவர் முன் வையுங்கள். "எல்லாம் குடும்பத்துக்காகத்தானே" என்று தொடங்காதீர்கள். அந்த வாக்கியத்தைக் கடிதங்களில் படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது, அவருக்கு எப்படி இருக்கும்? இன்னும் எவ்வளவு காலம் இப்படிச் சுமக்க அவர் தயார் என்று மட்டும் கேளுங்கள். உங்களிடம் வேலை செய்பவர்கள்கூட வேண்டாம் என்றால் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த உரிமை அவருக்கும் உண்டு. அவர் ஒரு தேதி சொன்னால், வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல் பேரம் பேசாமல் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.