அந்தத் துப்பட்டா உங்களுடையது

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம். பேச்சு வரவில்லை. இரண்டு வருடமாக ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போகிறான். மற்ற பிள்ளைகளை அடிக்கிறான், கடிக்கிறான் என்று அங்கே அவனை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால்தான் சேட்டை அதிகமாம். கயிறு என்றால் தடம் விழும் என்று பழைய காட்டன் துப்பட்டா கேட்டார்கள், கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் டிபன் பாக்ஸோடு திரும்பி வரும். சில நாள் ஈரமாக இருக்கும், துவைத்து அனுப்பிவிடுவேன். ஏதாவது கேட்டால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். பக்கத்தில் வேறு பள்ளி இல்லை. கணவருக்கு ஏற்கெனவே வேலையில் ஆயிரம் கவலை, அவரிடம் சொல்லவில்லை. கட்டிவைப்பது சரியா, தவறா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நான்கு பக்கக் கடிதம் அம்மா உங்களுடையது. அதில் துப்பட்டாவுக்கு மூன்றே வரி. எனக்கு அந்த மூன்று வரியைத் தாண்டி வர முடியவில்லை.

ஏன் ஈரம்? எச்சிலா, கண்ணீரா, சிறுநீரா? அலசுகிற கைக்கு அது தெரியாமல் இருக்காது. உங்களுக்குத் தெரியும், எழுத மனம் வரவில்லை. வாய் பேசாத பிள்ளை அவன். பகலில் அங்கே நடந்ததை வீட்டுக்கு வந்து சொல்ல இருக்கும் ஒரே சாட்சி அந்தத் துணி. அதைத்தான் சோப்புப் போட்டுக் கசக்கி, காயவைத்து, மறுநாள் மறுபடி அனுப்புகிறீர்கள்.

கயிறு வேண்டாம் என்று அவர்கள் சொன்ன காரணத்தையும் திரும்பப் படியுங்கள். வலிக்கும் என்று சொல்லவில்லை, தடம் விழும் என்றார்கள். யார் கண்ணில் படக்கூடாத தடம்? உங்கள் கண்ணில்தான். அதற்கு நீங்களே துணி கொடுத்தீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா துணியின் வாசனை நன்றாகத் தெரியும். தினமும் அந்த வாசனைதான் அவன் கையைக் கட்டுகிறது.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. "நல்லதுக்குத்தானே செய்கிறார்கள்" என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். குணமாகிவிடும் என்று நம்பிக் கொண்டுபோய் விட்டது பெரும்பாலும் பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களும்தான்.

பிடிக்கவே கூடாதா என்றால், பிடிக்கலாம். ரோட்டுக்கு ஓடினால், சுவரில் தலையை முட்டிக்கொண்டால், கையால் பிடித்து நிறுத்தத்தான் வேண்டும். ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும், அன்றைக்கே வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிற கைக்குப் பிள்ளை மூச்சுத் திணறினால் தெரியும். முடிச்சுக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு வலிப்பும் வரும். கட்டிப்போட்ட நேரத்தில் வலிப்போ வாந்தியோ வந்தால் என்ன ஆகும் என்று அங்கே யாராவது யோசித்தார்களா?

மனநல மருத்துவமனைகளுக்கே 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் நோயாளியைக் கட்டுப்படுத்தலாம். அதற்கும் சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். தண்டனையாகவோ, ஆள் போதவில்லை என்பதற்காகவோ செய்யக் கூடாது. டாக்டருக்கே இத்தனை நிபந்தனை இருக்கும்போது, ஒரு பள்ளிக்கூடம் துப்பட்டாவால் கட்டிப்போட எங்கிருந்து உரிமை வந்தது? பராமரிப்பு நிறுவனத்தில் வேலை செய்பவர் குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருக்கும் யாரையும் அந்தச் சட்டம் கேள்வி கேட்கும். அம்மா என்று விட்டுவிடாது.

பள்ளிக்குப் போய் இதைக் கேளுங்கள்: எத்தனை மணிக்குக் கட்டினீர்கள், எப்போது அவிழ்த்தீர்கள், எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்? சாப்பாட்டுக்கு முன்னால்தான் அதிகம் என்கிறார்களே, அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது? பசியா? தட்டு வைக்கிற சத்தமா? பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் கடிக்கிறானா? பல் வலி, காது வலி, மலச்சிக்கல் என்று டாக்டரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள். பேச வராத பிள்ளை கடித்தால் அது பாதி நேரம் ஒரு சேதி. பள்ளி பதில் சொல்ல மறுத்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள், வேறு பள்ளி எங்கே இருக்கிறது என்றும் அங்கேயே விசாரியுங்கள். அனுப்பிவிட்டால் அனுப்பட்டும். கட்டிப்போடுகிற இடத்தில் கிடைக்கும் படிப்பைவிட, கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருப்பது அவனுக்கு நல்லது.

ஆனால் தனியாகப் போகாதீர்கள். வேலைக் கவலை என்று அப்பாவிடம் மறைத்திருக்கிறீர்கள். இரண்டு பேரும் பெற்ற பிள்ளை அம்மா அவன். அவருக்கு இது தெரியாமல் இருக்க என்ன நியாயம்? இன்று சாயங்காலம் வருகிற துப்பட்டாவைத் துவைக்காதீர்கள். ராத்திரி அவர் சாப்பிட்டுக் கை கழுவியதும், அப்படியே எடுத்து அவர் கையில் கொடுங்கள்.