புது யோசனையைச் செய்து பார்க்கக் குழு சேர்க்க வேண்டும். யாரை முதலில் சேர்ப்பது?

நான் ஒருமுறை தப்பாகச் சேர்த்து, பிறகு ஓரளவு சரியாகச் சேர்த்தவன். அந்தக் கதையே உங்களுக்குப் பதிலாக இருக்கும்.

எங்கள் பக்கம் கிருஷ்ணகிரி. மாசி, பங்குனி வந்தால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டும் சத்தம்தான். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுப்பதெல்லாம் பெண்கள்தான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என் பெரியம்மாவின் விரல்களைப் பார்த்தபோதுதான், கொட்டை எடுக்க ஒரு சின்ன மெஷின் செய்தால் என்ன என்று தோன்றியது.

முதலில் சேர்த்தது கல்லூரியில் என்னோடு படித்த இரண்டு பேரை. மூவருமே மெக்கானிக்கல். ஆறு மாதத்தில் லேப்டாப்பில் மெஷின் அழகாகச் சுற்றியது. பெயரும் லோகோவும்கூட ரெடி. ஒரு கிலோ புளியைத்தான் அதில் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாததுதான் அவர்களுக்கும் தெரியவில்லை, அதனால் என்ன குறைகிறது என்று எங்களில் யாருக்கும் உறைக்கவே இல்லை.

அப்புறம் ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் படத்தைக் கொண்டுபோனேன். பார்த்ததும் அவர் கேட்டது, "இத யாரு கழுவுறது?" புளிப்பு இரும்பை அரிக்கும், ரோலரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போட வேண்டும், நாலு போல்ட்டைக் கழற்றினால் கையோடு வர வேண்டும் என்றார். அன்றைக்கே அவரைக் கூட்டாளியாகக் கேட்டுவிட்டேன். ரைட் சகோதரர்களும் என்ஜினுக்காகப் பல கம்பெனிகளுக்கு எழுதிப் பார்த்தார்கள், எதுவும் சரிவரவில்லை. கடைசியில் அவர்களுடைய சைக்கிள் கடையிலேயே வேலை பார்த்த சார்லி டெய்லர்தான் சுமார் 6 வாரத்தில் 12 குதிரைத்திறன் என்ஜின் ஒன்றைச் செய்து கொடுத்தார். 1903இல் விமானம் பறந்தது அந்த என்ஜினில்தான்.

அடுத்து வந்தவர், பெரியம்மாவோடு புளி தட்டும் ஒரு அக்கா. முதல் மெஷினைக் காட்டியபோது புளியைக் கையில் பிசைந்து பார்த்துவிட்டு, "வெயில்ல காயாததப் போட்டா களியாக்கிடும் தம்பி" என்றார். மறுநாளே களியானது. புளியின் ஈரத்துக்கு ஏற்ப ரோலர் இடைவெளியை மாற்றும் திருகு அவர் சொல்லி, பட்டறை அண்ணன் செய்தது. அக்காவை நாள்கூலி கொடுத்துத்தான் கூப்பிட்டேன். ஓசியில் கருத்துக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

நண்பர்களில் ஒருவன் பாதியில் விலகியபோதுதான் காகிதத்தின் அருமை தெரிந்தது. நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. 1932ஆம் வருடக் கூட்டாண்மைச் சட்டப்படி, யாருக்கு எவ்வளவு என்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபம் சமமாகத்தான் பிரியும். ராப்பகலாக நின்றவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்தவனுக்கும் ஒரே பங்கு! லாபமே வராததால் சண்டை இல்லாமல் முடிந்தது. ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன ஆகும் என்பதை, எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் நாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

யோசனையில் புதுமை இருந்தால், நாலு பேருக்குக் காட்டும் முன்பே பேடன்டுக்கு, அதாவது காப்புரிமைக்கு, ப்ரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஆன்லைனில் தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். அதன்பின் முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசம் உண்டு. எங்கள் விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர்கள் என்று அண்ணன் பெயரும் அக்கா பெயரும் இருக்கின்றன. கையெழுத்துப் போட வந்த அக்கா, "இதுக்கும் இன்னிக்குக் கூலி உண்டா?" என்று கேட்டார். கொடுத்தேன்.

மெஷின் ஈரப்புளியில் இன்னும் தடுமாறுகிறது, இந்த சீசனில் பார்க்க வேண்டும். உங்கள் யோசனை எந்தத் தொழிலைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லையே? சொன்னால், முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.