மடிக்கணினியைக் கைமாற்றும் முன்: கோப்புகளை அழித்தால் மட்டும் போதுமா?

விண்டோஸ் 11 உள்ள தம் பழைய மடிக்கணினியைத் தங்கை மகனுக்குக் கொடுக்கவிருக்கும் வாசகர் ஒருவர், அதிலிருந்த வங்கி ஆவணங்களையும் ஆதார், பான் அட்டை நகல்களையும் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலிசெய்துவிட்டதாகவும், இதுவே போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

போதாது. ஒரு கோப்பை நீக்கும்போது, அது இருந்த இடம் இனிப் பயன்படுத்தத்தக்கது என்று குறிக்கப்படுகிறதே தவிர, அங்குள்ள தரவு அப்போதே மறைந்துவிடுவதில்லை. குறிப்பாக ஹார்ட் டிஸ்க்கில், அதன்மேல் வேறு தரவு எழுதப்படும் வரை, இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளே அதை வெளியே எடுத்துவிடும்.

ஆகவே கணினியைத் தொழிற்சாலை நிலைக்கே கொண்டுவந்துவிடுங்கள். அதற்கு முன், வேண்டியவற்றை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகல் இன்னொரு கணினியில் திறக்கிறதா என்று பாருங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், டேலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவையும் மறந்துவிட்டுப் பிறகு வருந்துவோர் பலர்.

சார்ஜரை இணைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி என்று சென்று, 'ரீசெட் பிசி'யை அழுத்தி, 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் வரும் 'அடிஷனல் செட்டிங்ஸ்' திரையில் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' என்று சிறிதாக ஓர் இணைப்பு இருக்கும். முக்கியமானவை அதற்குள்தான் இருக்கின்றன. பழைய தரவின்மேல் எழுதி அதை அழிக்கும் 'கிளீன் டேட்டா' அங்கே இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்காவிட்டால் பழைய தரவை மீட்பது எளிதாகவே இருக்கும். அதேபோல், எல்லா டிரைவ்களிலும் அழிக்கச் சொல்லும் தெரிவையும் இயக்க வேண்டும். இல்லையெனில் சி டிரைவ் மட்டுமே துடைக்கப்பட்டு, நம்மில் பெரும்பாலோர் புகைப்படங்களையும் ஆவணங்களையும் போட்டுவைக்கும் டி டிரைவ் அப்படியே தங்கை மகனிடம் போய்ச்சேரும். இந்தத் துடைப்பு சில மணிநேரம் பிடிக்கலாம். இடையில் நிறுத்த வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் வட்டு) உள்ள கணினியில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதாமல் தேய்மானத்தைப் பரவலாக்கும் முறை இருப்பதால், இப்படி மேலெழுதுதல் எல்லா நினைவகச் செல்களையும் எட்டும் என்று சொல்ல முடியாது. தரவை ஒரு மின்னணுத் திறவுகோலால் பூட்டிவைக்கும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' வாங்கியது முதலே இயங்கியிருந்தால் கவலை குறைவு. ரீசெட்டில் அந்தத் திறவுகோல் அழிந்ததும், எஞ்சியிருப்பது படிக்க முடியாத குறியீடாகிவிடும். அது இயங்கியிராத கணினியை முன்பின் தெரியாதவருக்கு விற்பதென்றால், எஸ்எஸ்டி நிறுவனமே தரும் 'செக்யூர் எரேஸ்' கருவியைப் பயன்படுத்துவது நல்லது. 'கிளீன் டேட்டா' சாதாரணப் பயனர்களுக்கானது, அரசு, தொழில்துறை அழிப்புத் தரங்களை அது நிறைவுசெய்யாது என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. தங்கை மகனுக்கு அது தாராளம்.

விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், ரீசெட்டுக்குப் பின் தானாகவே செயல்படும். ஆபீஸ் உரிமம் உங்கள் கணக்கோடு சேர்ந்தது. அது கணினியோடு போகாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் இந்தக் கணினியை நீக்கிவிடுங்கள். கணினி தொடங்கும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸில் கடவுச்சொல் வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ரீசெட் முடிந்து நாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் திரை வந்ததும், எதையும் நிரப்பாமல் பவர் பொத்தானை அழுத்தி அணைத்துக் கொடுங்கள். மீதி அமைப்புகளை அவரே தம் கணக்கில் செய்துகொள்வார்.