விசில் நடுங்குவதும் பேச்சு கரகரப்பதும் வேறு வேறு கோளாறு

வணக்கம். அம்மாவின் இடது காது மெஷினில், ஃபிட்டிங் சாஃப்ட்வேரில் (மெஷினை அமைக்கும் கணினி நிரல்) கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டிச் சேமித்த பிறகு குக்கர் விசில் நடுங்குகிறது, உரத்த பேச்சு கரகரக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துத் தேடாதீர்கள்.

எதையும் தொடும் முன், இப்போதைய அமைப்பைத் தனிப் பெயரில் சேமியுங்கள். ரிசீவர் (காதுக்குள் ஒலி தரும் குட்டி ஸ்பீக்கர்) நுனியிலுள்ள வேக்ஸ் கார்டை, அதாவது குறும்பி புகாமல் தடுக்கும் சிறு வடிகட்டியை, மாற்றுங்கள். குறும்பி அடைத்தாலே ஒலி கெடும், அப்போது சாஃப்ட்வேரில் எதைத் திருத்தினாலும் வீண்.

நடுக்கத்துக்குப் பெரும்பாலும் ஃபீட்பேக் கட்டுப்பாடுதான் காரணம். மெஷினிலிருந்து கசியும் ஒலி மறுபடி அதன் மைக்குக்குள் போய் ஊளையிடுவதைத் தடுப்பது அது. நீண்ட ஒற்றைச் சுருதியை மெஷினின் சொந்த ஊளை என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். விசிலோடு இன்னொரு சுருதி அலைவது போலக் கேட்கும். அந்தக் கட்டுப்பாட்டை ஒரு படி குறைத்து, அதே விசிலை அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். நடுக்கம் அடங்கினால் காரணம் அதுவே. அடியோடு நிறுத்திவிட்டால் மெஷின் ஊளையிடலாம். ரிசீவர் நுனியில் மாட்டும் ரப்பர் தொப்பியான டோம், துளையுள்ள திறந்த வகை என்றால், ஒலி கசிவு குறைய மூடிய டோம் போட்டுப் பாருங்கள். டோமை மாற்றியதை சாஃப்ட்வேரிலும் பதிந்து, மெஷின் காதில் இருக்கும்போதே ஃபீட்பேக் சோதனையை மறுபடி ஓட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கரகரப்புக்கு, ரிசீவரின் திறனைக் காட்ட அதில் அச்சிட்ட குறியைப் பாருங்கள்: சில கம்பெனிகளில் எஸ், எம், பி என்று இருக்கும். சாஃப்ட்வேரிலும் அதுவே இருக்க வேண்டும். சிறிய ரிசீவரிடம் அதன் எல்லைக்கு மேல் கெயின் கேட்டால் உரத்த ஒலி உடையும். கெயினை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். தெளிந்தால் பெரிய ரிசீவர் தேவைப்படலாம். உச்ச ஒலி அளவை மட்டும் தயவுசெய்து நீங்களாகக் கூட்டாதீர்கள், மிச்சமுள்ள செவித்திறனுக்கே ஆபத்து.